காரணம் எழுதாத வரி

அத்தியாயம் பதினான்கு

நான் எழுதுவது பேய்க்கதையா குடும்பக்கதையா என்று தெஹிவளையிலிருந்து ஒரு வாசகி சண்டைக்கு வந்திருக்கிறார். அம்மா தாயே, கோபிக்க வேண்டாம். கொட்டாஞ்சேனைக்கு வந்து அருந்ததி வீட்டில் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். பிறகு நீங்களே சொல்லுங்கள்.

இந்த வாரம்தான் வாசிக்கத் தொடங்கியவர்களுக்காக ஒரு வார்த்தை. அருந்ததியின் அண்ணன் தனுஷன் போன வருஷம் அடைமழைக்குள் மோட்டார் சைக்கிளில் களனிப் பக்கம் போனான். உயிரோடு திரும்பவில்லை. ஹெல்மெட் கிடைத்தது, பேர்ஸ் கிடைத்தது, போன் மட்டும் கிடைக்கவில்லை. அவன் வேலை செய்த வெள்ளவத்தைக் கம்பனியிலேயே, அவன் இருந்த கதிரையிலேயே, இப்போது அருந்ததி இருந்து சொப்ட்வெயார் எழுதுகிறாள். வீட்டில் அண்ணன் பேச்சு வந்தால் மட்டும் தண்ணீர் குடிக்கப் போகிறவள் போல எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அம்மா பாக்கியலெட்சுமிக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. மகன் போன பிறகு அவள் சோற்றையும் விட்டாள், மருந்துக் குளிசையையும் விட்டாள், ஒரு தரம் ஆஸ்பத்திரி வரை போய் வந்தாள். இப்படி இருக்கும்போதுதான், அவன் செத்து ஒரு வருஷம் கழித்து, விளக்கு வைக்கும் நேரத்தில் அவளுடைய போனில் அந்த மெசேஜ் வரத் தொடங்கியது.

‘அம்மா, குளிசை போட்டாச்சா?’

உயிரோடு இருந்த காலத்தில் தனுஷன் அனுப்பிய அதே வார்த்தைகள். தினமும் வராது. இன்றைக்கு வரும், நாளைக்கு வராது, சில வேளை இரண்டு நாள் சும்மா இருக்கும். அப்பா அழகர் வெலவெலத்துப்போய், நூல் மந்திரித்துக் கொண்டுவந்து வாசல் நிலையில் கட்டினார். அம்மாவோ மெசேஜ் வந்ததும் குளிசையைப் போட்டுக்கொண்டு, போனோடு பின்பக்கம் போய் குசினிச் சுவரோரமாக நின்று, அதைக் காதில் வைத்துக்கொள்வாள். “போட்டுட்டேன் தம்பி” என்று அவள் சொன்னதை அருந்ததி தன் காதாலேயே கேட்டாள். பெண்டாட்டி செத்தவனோடு கதைக்கிறாள் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். என்ன இருந்தாலும் அவள் மறுபடி சாப்பிடுகிறாளே என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

போன வாரம் அம்மா தூங்கிய பிறகு அருந்ததி அந்தப் போனை எடுத்து, மெசேஜுக்கு மேலே அனுப்பியவர் பெயரைப் பார்த்தாளே, ஞாபகம் இருக்கிறதா? அது ஓர் இருதயக் கிளினிக்கின் பெயர். அந்தக் கிளினிக் நோயாளிகளுக்கு ‘மருந்து நேரம்’ என்று மெசேஜ் அனுப்பும் சிஸ்டத்தைச் செய்துகொடுத்ததே அருந்ததியின் கம்பனிதான். செத்துப்போன அண்ணன், அவள் தினமும் ஏறி இறங்கும் மாடியிலிருந்துதான் பேசிக்கொண்டிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை காலை. அருந்ததி கோல்ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். புடைவைக் கடைக்கு மேலே இரண்டு அறைதான் அவர்களுடைய ஒஃபிஸ். பின் ஜன்னலில் கடல் தெரியும். ரயில் போனால் கண்ணாடி கடகடவென்று ஆடும்.

உள்ளே கேத்தலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ‘றுஷ்னாவின் சட்டம்’ என்று எல்லோரும் அதைக் கேலி செய்வார்கள். றுஷ்னா தனுஷனோடு சேர்ந்து வேலைக்கு வந்தவள், ஒரே செட். அவன் போன பிறகு, அவன் எழுதிவைத்ததில் எது எதற்கு என்று ஒருவருக்கும் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. அந்தக் கடுப்பில் அவள் எழுதி ஒட்டிய விதிகள் அவை. பெயரைப் பார்த்தாலே வேலை விளங்க வேண்டும். ஆட்களுடைய நம்பரையும் பாஸ்வேர்டையும் சொப்ட்வெயார் கோடுக்குள் எழுதாதே. நீ எழுதியதை நீயே பாஸ் பண்ணாதே, இன்னொருவர் வாசிக்க வேண்டும். தவறு நடந்தால் மூடாதே, கத்திச் சொல். இப்படி ஒரு பக்கம் நிறைய. யாரோ ஒரு குறும்புக்காரன் அடியில் ‘கோப்பையைக் கழுவி வை’ என்றும் சேர்த்திருந்தான்.

“என்ன முகம் இப்பிடி ஈக்குது? சாப்பிட்டியா இல்லயா?” என்று றுஷ்னா கேட்டாள்.

அருந்ததி தன் போனில் படம் பிடித்துவைத்திருந்த அந்த மெசேஜைக் காட்டினாள். றுஷ்னா வாசித்தாள். கையிலிருந்த தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டாள்.

“இது எங்கட சிஸ்டத்தால போனதுதானே?”

“ஓம்.”

“அப்ப நீ தேடிப் பாக்கல்லயா?”

“அந்த ஃபைல் முழுக்க அண்ணன் எழுதினது றுஷ்னா. நான் இதுவரைக்கும் அதத் திறந்ததே இல்ல.”

றுஷ்னா தன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டாள். “தனியா ஏன் பாக்கிற? வா, ரெண்டு பேருமா பாப்பம்.”

எந்த வரியை யார் எழுதினார் என்பதை ஓரத்திலேயே பெயர் போட்டுக் காட்டும் வசதி ஒன்று இருக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் அன்றைக்கு அருந்ததிக்கு அதைப் பார்க்க முடியவில்லை. மேலிருந்து கீழ் வரை ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் தனுஷன், தனுஷன், தனுஷன் என்றே இருந்தது. அவசரக்காரன் எழுத்து. பாதியில் விட்ட பெயர்கள், ஒரே வேலையை இரண்டு இடத்தில் செய்த துண்டுகள். வீட்டில் பனியனைக் கழற்றிப் போட்ட இடத்திலேயே விட்டுப்போகிறவன் வேறு எப்படி எழுதுவான்? அதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது.

“இந்தா,” என்று றுஷ்னா திரையில் விரலை வைத்தாள்.

ஒரு சின்னத் துண்டு. அதற்கு அவன் வைத்திருந்த பெயர், இங்கிலீஷ் எழுத்தில், அம்மா. நோயாளியின் போன் நம்பர் வெறுமையாக இருந்தால் மெசேஜை இந்த நம்பருக்கு அனுப்பு என்று அதில் இருந்தது. அங்கே எழுதியிருந்தது பாக்கியலெட்சுமியின் நம்பர். அனுப்ப வேண்டிய வார்த்தைகளும் அதிலேயே இருந்தன. ஏன் இப்படி என்று ஒரு சொல்கூட எழுதியிருக்கவில்லை.

“சும்மா சோதிச்சுப் பாக்க வச்சிட்டு எடுக்க மறந்தீக்கான் போல,” என்றாள் றுஷ்னா.

“மத்ததெல்லாம் மறப்பான். அம்மா நம்பர மறந்து விட்டுட்டுப் போறவன் இல்ல.”

ஹெக்டர் அப்போதுதான் உள்ளே வந்தார். கம்பனி முதலாளி. கொச்சிக்கடைக் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை தவறாதவர். இரண்டு பெண்களும் யாருடைய ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று கண்டதும் முகம் மாறிவிட்டது.

“வெள்ளிக்கிழமைல ஓடுற சிஸ்டத்தில கை வைக்க வேணாம். ஏதும் பிழைச்சா சனி ஞாயிறு யார் வாறது?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பெடியன் எழுதினதுல அது ஒண்டுதான் மிச்சம். விட்டுடுங்க பிள்ளை.”

அருந்ததிக்கும் விட்டுவிடத்தான் ஆசை. மூடிவிட்டு எழும்பியும் விட்டாள். றுஷ்னா விட்டால்தானே.

“தொடுறோமோ இல்லயோ, அது பொறகு. என்ட தாளில என்ன ஈக்குது? ஒரு வரியத் தொட முந்தி அதுல யார் சாஞ்சீக்காங்க எண்டு பாரு. உன்ட உம்மாக்கு மெசேஜ் வருது எண்டா, நம்பர் வெறுமையா ஒரு ஆள் ஈக்கோணும். அது யாரு?”

சிஸ்டம் தான் செய்ததையெல்லாம் குறித்துவைக்கும். அதைத் தேடி எடுத்தார்கள். அம்மாவின் போனுக்கு மெசேஜ் வந்த நாட்கள் ஒவ்வொன்றும் ஒரே நோயாளியின் பெயருக்கு நேரே விழுந்தன. பெயர் மர்லியா. வெள்ளவத்தை. இருதயத்தில் வால்வு மாற்றியவர். இரத்தம் உறையாமலிருக்கும் குளிசையை, டொக்டர் குறித்த நாட்களில் மட்டும் போட வேண்டும். அந்த நாட்களில்தான் மெசேஜ்.

போன் நம்பர் வெறுமை இல்லை. கிளினிக்கில் ஒழுங்காகத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது டோஹா நம்பர். மகன் ரிப்கானுடையது.

அருந்ததி ஃபைலில் மேலே தேடிப் பார்த்தாள். தனுஷன் இன்னொரு வரி எழுதியிருந்தான். இலங்கை மொபைல் நம்பர் மாதிரி இல்லாத எதையும் பிழை என்று வெறுமையாக்கிவிடு. அவன் எழுதிய காலத்தில் கிளினிக்குக்கு ஊரிலிருந்த நோயாளிகள் மட்டும்தான். வெளிநாட்டு மகனின் நம்பர் பிறகு வந்தது. சிஸ்டம் அதைச் சத்தமில்லாமல் துடைத்தது, சத்தமில்லாமல் பாக்கியலெட்சுமிக்குத் திருப்பிவிட்டது. ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

“அப்ப அந்த மனிசிக்கு?” என்றாள் அருந்ததி.

றுஷ்னா ஏற்கெனவே கிளினிக்குக்குக் கோல் எடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே நர்ஸ் பதறிப்போனாள். மர்லியாவின் போனுக்கு அடித்துப் பார்த்தாள், யாரும் எடுக்கவில்லை. “உங்கட ஒஃபிஸுக்குப் பின்னால இருக்கிற லேன்தான் மிஸ். ஓடிப்போய்ப் பாருங்களேன், நான் இங்க டொக்டருக்குச் சொல்றன்.”

ஓடினார்கள். கடற்கரைப் பக்கம் இறங்கும் லேன். மூன்றாம் மாடி. கதவு திறக்கச் சுணங்கிய ஒவ்வொரு கணமும் அருந்ததி தன் அண்ணனைத் திட்டினாள். வாய்க்குள் திட்டினாள், வஞ்சகமில்லாமல் திட்டினாள். செத்த பிறகு அவனை அவள் திட்டியது அதுதான் முதல் தடவை.

கதவைத் திறந்த மர்லியாவுக்கு அறுபது வயதிருக்கும். முக்காட்டை இடக் கையால் சரிசெய்யப் பார்த்தார், கை ஏறவில்லை.

“ஆரு மகள் நீங்க? கிளினிக்கால வந்தீங்களா? போன் அடிச்சது கேட்டது, எழும்பி வாறதுக்குள்ள நிண்டுட்டு. காலைல இருந்து இந்தக் கை வெறச்ச மாதிரி ஈக்குது. கோப்ப விழுந்து ஒடஞ்சிட்டு.”

“குளிசை போட்டீங்களா உம்மா?” என்று றுஷ்னா கேட்டாள்.

“மவன் கோல் எடுத்துச் சொன்னாத்தானே போடுற. எனக்கு மெசேஜ் வாசிக்கத் தெரியா, அவருக்குத்தான் வாறது. அவரு ஒண்டும் சொல்லல்லயே, அப்ப குளிசை இல்லதானே?”

ஓட்டோ பிடித்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் உள்ளே எடுத்துக்கொண்டார். வெளியே வாங்குப் பலகையில் இருந்த அருந்ததியின் கையில் மர்லியாவின் போன் அடித்தது. டோஹாவிலிருந்து ரிப்கான். நர்ஸ் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது.

“உம்மாக்கு என்ன? எனக்கு ஒரு மெசேஜும் வரல்லயே,” என்றான் அவன். வேலைத்தளத்தின் இரைச்சலுக்குள் அவன் கத்த வேண்டியிருந்தது. “வராட்டி சொகம் எண்டுதானே அர்த்தம்? உம்மாக்குச் சொகமாயிட்டு, குளிசையக் கொறச்சிட்டாங்க எண்டு நான் இங்க எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சேன்.”

சொல்லிவிட்டு அழத் தொடங்கினான். முன்பின் தெரியாத ஒருவன் காதுக்குள் அழுகிறான். இங்கே ஒரு வீட்டில், அவனுக்கு வர வேண்டிய மெசேஜைச் செத்துப்போனவன் அனுப்புகிறான் என்று நிலைக்கு நூல் கட்டியிருக்கிறார்கள். அருந்ததி போனைப் பிடித்தபடியே இருந்தாள்.

மத்தியானம் தாண்டி டொக்டர் வெளியே வந்தார். சின்னதாக ஒரு அடைப்பு, நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள், கை திரும்பிவிடும் என்றார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்று தொடங்கியவர், அருந்ததியின் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டார்.

ஒஃபிஸுக்கு வந்ததும் இருவரும் வேலையில் இறங்கினார்கள். ஹெக்டர் இந்தத் தடவை வெள்ளிக்கிழமைக் கதை கதைக்கவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“முதல்ல பிழையப் பிடிச்சுக் காட்டு,” என்றாள் றுஷ்னா. அதுவும் அவளுடைய தாளில் இருப்பதுதான். திருத்துவதற்கு முந்தி, பிழை இருக்கும் வரை தோற்கிற மாதிரி ஒரு சோதனை எழுத வேண்டும். டோஹா நம்பர் ஒன்றைக் கொடுத்து, மெசேஜ் அதற்கே போகிறதா என்று கேட்கும் சோதனை. அருந்ததி எழுதி ஓட்டினாள், திரை சிவப்பாகித் தோற்றது. வெளிநாட்டு நம்பரைத் துடைக்கும் வரியைத் திருத்தினாள். மறுபடி ஓட்டினாள், பச்சை.

அங்கேயே கையை எடுத்துக்கொண்டாள்.

“முடிஞ்சுது,” என்றாள். “நீ பாத்துப் பாஸ் பண்ணு.”

“அம்மா எண்ட துண்டு அப்பிடியே ஈக்குதே.”

“அது இருந்துட்டுப் போகட்டும். இனி அது யாருக்குக் குறுக்க நிக்குது? எல்லாரட நம்பரும் சரிதானே.”

“ஏலா, அத எடுக்கோணும்.”

“றுஷ்னா, ப்ளீஸ். அம்மா திரும்ப சாப்பிடுறதே அந்த மெசேஜாலதான். அத எடுத்தா அவ திரும்பப் படுத்துருவா. அண்ணன நான் ஒருக்கா கொண்டுபோய் எரிச்சது காணாதா? இன்னொருக்கா என்ட கையாலயே அவன அழிக்கணுமா?”

றுஷ்னா அழுதுவிடுவாள் போலத்தான் இருந்தாள். ஆனால் அவள் வேறு மாதிரி ஆள். அழுகை வந்தால் கோபப்படுவாள்.

“நல்லா யோசிச்சுப் பாரு. எல்லாரட நம்பரும் சரியா ஈந்தா உன்ட உம்மாக்கு மெசேஜே வராது. வரோணும் எண்டா இன்னொருத்தர்ட உம்மாக்கு வராமப் போகோணும். அதுக்காகவா அந்த வரிய வச்சீக்கப் போற? விளக்கு வைக்கிற நேரம் எங்கயாச்சும் ஒரு மர்லியா கை வெறச்சு ஈக்கோணும் எண்டு பாத்துட்டு ஈப்பியா?”

அருந்ததி எழுந்து ஜன்னலருகே போனாள். பாணந்துறைப் பக்கம் ரயில் ஒன்று போனது, கண்ணாடி ஆடி அடங்கியது. றுஷ்னாவை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் போலிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து அந்தத் துண்டை அழித்தாள். நம்பர் வெறுமையாக இருந்தால் கிளினிக்குக்கும் கம்பனிக்கும் உடனே அபாயச் செய்தி போகிற மாதிரி அந்த இடத்தில் எழுதினாள். ஓரத்தில் தனுஷன் என்றிருந்த இடங்களில் அருந்ததி என்று வந்தது.

மாற்றத்தோடு காரணமும் எழுதிவைக்க வேண்டும். பழைய வரியை எடுத்ததற்கான காரணத்தை எழுதிவிட்டாள். அந்த வரி முதலில் ஏன் அங்கே இருந்தது என்ற இடத்தில் விரல்கள் நின்றுவிட்டன. கடைசியில் ‘தெரியவில்லை’ என்று போட்டாள்.

றுஷ்னா ஒவ்வொரு வரியாக வாசித்துப் பாஸ் பண்ணினாள். அடியில் ஒரு குறிப்பும் விட்டாள்: ‘நோயாளிக்காக இப்போது அனுப்புகிறேன். ஏன் என்பது இன்னும் பாக்கி.’

“பொழுது பட முந்தி போயிரு,” என்றாள். “மெசேஜ் வராத நேரம் நீ உன்ட உம்மாக்குப் பக்கத்துல ஈக்கோணும்.”

மட்டக்குளி பஸ் நெரிசலில் தொங்கிக்கொண்டு போனாள். இன்றைக்கு மர்லியாவுக்குக் குளிசை நாள் என்று அவளுக்குத் தெரியும். பழைய வரி இருந்திருந்தால் இன்றைக்கு மெசேஜ் வந்திருக்கும்.

வீட்டுக்குள் கால் வைக்கும்போது அம்மா சாமிப்படத்துக்கு முன்னால் திரி போட்டுக்கொண்டிருந்தாள். போன் விளக்குக்குப் பக்கத்தில் கிடந்தது. அப்பா வாசல் நிலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். விளக்கு எரிந்தது, சாம்பிராணிப் புகை சுற்றியது, தெருவில் பாண் ரொட்டி விற்கிறவனின் பாட்டு வந்து போனது. போன் சும்மா கிடந்தது.

மறைப்பதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

“அம்மா, இனி அந்த மெசேஜ் வராது,” என்றாள். “நான்தான் எடுத்துட்டேன்.”

அப்பா “ஐயோ, என்னா புள்ள செஞ்ச!” என்று தலையில் கை வைத்தார். அம்மா விளக்கிலிருந்து திரும்பினாள்.

“யாருக்குப் போக வேண்டியது?”

அருந்ததிக்கு முதலில் விளங்கவில்லை. “என்னா கேட்டீங்க?”

“யாருக்கோ போக வேண்டியதுதானே எனக்கு வந்துச்சு. யாரு அது?”

“வெள்ளவத்தையில ஒரு அம்மா. வெளிநாட்டுல இருக்கிற மகனுக்குப் போகணும்.”

“அவங்க குளிசை போட்டாங்களா?”

“போடல. ஆஸ்பத்திரில இருக்காங்க. பயமில்லன்னு சொல்லிட்டாங்க.”

பாக்கியலெட்சுமி நெஞ்சில் கை வைத்து மூச்சை விட்டாள். “தப்பிட்டாங்களே, அது போதும்.”

“அம்மா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“அவன்தானே சொல்லி வச்சான். ‘அம்மா, இந்த மெசேஜ் வந்தா யாரோ ஒரு நோயாளியோட நம்பர் தவறிருச்சுன்னு அர்த்தம். கம்பியூட்டர் சத்தம் போட்டா ஒஃபிஸுல ஒருத்தனும் பாக்க மாட்டான். நீங்க கோல் எடுத்தா நான் எங்க இருந்தாலும் எடுப்பேன். நீங்களும் குளிசையப் போட்டுட்டு, எனக்கு ஒரு கோல் எடுங்க’ன்னான். எடுப்பேன். உடனே போய்ச் சரி பண்ணிருவான். நாலஞ்சு தரம் அப்பிடிச் செஞ்சோம்.”

காலையிலிருந்து தேடிய ‘ஏன்’ குசினிச் சுவரோரம்தான் நின்றிருக்கிறது. அருந்ததி அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“அப்ப இத்தன நாளும் அது அண்ணன்னு நீங்க நெனைக்கலயா?”

“நான் எப்ப சொன்னேன்? நூலு கட்டினது உங்கப்பா.” அம்மா திரியைத் தூண்டிவிட்டாள். “ஒவ்வொரு தரமும் யாரோ குளிசை போடாம இருக்காங்கன்னு எனக்குத் தெரியும் புள்ள. யாருக்கிட்ட சொல்றது? அவன் பேச்ச எடுத்தாலே நீ எந்திரிச்சுப் போயிருவ. அப்பா கோயிலுக்கு ஓடிருவாரு. அதான், அவன் சொன்ன மாதிரி அவன் நம்பருக்கே எடுத்தேன். ஓஃப்ல இருக்குன்னு ரெக்கோர்ட் பொம்பள சொல்லும். நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு வச்சிருவேன்.”

அருந்ததிக்கு வாய்விட்டு அழுகை வந்தது. தன் கையாலேயே அவனை அழிக்கணுமா என்று றுஷ்னாவிடம் கேட்டாளே, அதற்காக இல்லை. பக்கத்தில் இருந்துகொண்டே அம்மாவைத் தனியாக விட்டதற்காக அழுதாள். அம்மா அவள் தலையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டாள்.

அம்மா சொன்னாள்: “இன்னொண்ணும் இருக்கு. முந்தாநாள் எடுத்தப்ப அந்தப் பொம்பள பேசல. மணி அடிச்சுச்சு. யாரோ எடுத்தாங்க. ஒண்ணும் பேசல, மூச்சு மட்டும் கேட்டுச்சு.”

“பாக்கியம்!” என்றார் அப்பா.

அருந்ததி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “சரியா அவன் நம்பருக்குத்தான் எடுத்தீங்களா? இவ்வளவு நாள் ரீலோட் போடாத நம்பர் எப்பவோ செத்திருக்கணுமே அம்மா. யாராவது காசு போட்டாத்தான் உயிரோட இருக்கும்.”

அம்மா பதில் சொல்வதற்குள் விளக்குக்குப் பக்கத்தில் கிடந்த போன் அதிரத் தொடங்கியது. மெசேஜ் இல்லை, கோல். திரையில் ‘தம்பி’ என்று இருந்தது, அம்மா மகனுடைய நம்பருக்குப் போட்டிருந்த பெயர்.

அம்மா போனை எடுத்தாள். அதை மகளிடம் நீட்டினாள். “நீ கதை.”

அருந்ததி பச்சையை அழுத்திக் காதில் வைத்தாள். முதலில் வாகன இரைச்சல். பிறகு ஒரு பெண் குரல், இளம் குரல், சிங்களத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டது.

“அம்மாத கதா கரன்னே?”

அம்மாவா பேசுகிறீர்கள் என்று கேட்கிறாள். தனுஷனின் போனிலிருந்து, அம்மாவா என்று கேட்க இவள் யார்? அருந்ததி அந்தக் குரலை இதற்கு முன் கேட்டதில்லை. எழுந்து உள்ளே போய்விடக் கால்கள் தாமாகவே பரபரத்தன.

“ஓவ்,” என்றாள். ஆமாம், அம்மாவின் போன்தான், அவர் பக்கத்தில்தான் இருக்கிறார், சொல்லுங்கள் என்று சிங்களத்திலேயே சொல்லி, போனை ஸ்பீக்கரில் போட்டு, அம்மாவுக்கும் தனக்கும் நடுவில் வைத்தாள். இந்தத் தடவை அவள் எழுந்து போகவில்லை.